கல்ஃப் ஸ்ட்ரீமைக் குறுக்கே கடந்து பிமினிக்கு

திங்கள்

மியாமிக்குத் தெற்கே கீ பிஸ்கேன் தீவின் முனையில் நோ நேம் ஹார்பர் என்று ஒரு சின்னக் குடா இருக்கிறது. பஹாமாஸுக்குப் போகிற பாய்மரப் படகுகள் நல்ல காற்றுக்காகக் காத்துக் கிடக்கிற இடம். இன்று மதியம் நாங்களும் வந்து நங்கூரம் போட்டோம். படகு அண்ணனுடையது. 34 அடி நீளம், ஒற்றைப் பாய்மரம். அண்ணனும் அண்ணியும் இந்தக் கடலைத் தெரிந்தவர்கள். எனக்கு இரவுப் பயணம் புதிது.

போகிற ஊர் பஹாமாஸின் பிமினித் தீவு. நேர் கிழக்கே ஏறக்குறைய 45 கடல் மைல், அதாவது 83 கிலோமீட்டர். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற தீவுக்குப் போக ஒரு வாரம் காத்திருப்பார்களா என்று கேட்டால், ஆமாம், காத்திருப்பார்கள். நடுவில் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற கடல் நீரோட்டம் ஓடுகிறது. ஃபுளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் இடைப்பட்ட நீரிணையில் விநாடிக்குச் சுமார் 3 கோடி கன மீட்டர் தண்ணீர் வடக்கு நோக்கிப் போகிறது. அமேசான் ஆற்றைப் போல நூற்றைம்பது ஆறுகள் அக்கம்பக்கமாக ஓடினால் எவ்வளவோ, அவ்வளவு. நடுப்பகுதியில் மூன்று நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம் சாதாரணம், சில சமயம் நான்கு. எங்கள் படகின் வேகமே ஐந்து நாட்தான்.

இந்த அளவை எப்படி எடுத்தார்கள் என்பது தனிக் கதை. ஃபுளோரிடாவுக்கும் கிராண்ட் பஹாமா தீவுக்கும் நடுவே கடலடியில் ஒரு பழைய தொலைபேசிக் கேபிள் கிடக்கிறது. உப்புநீர் பூமியின் காந்தப் புலத்தை வெட்டிக்கொண்டு ஓடும்போது அந்தக் கேபிளில் சிறிய மின்னழுத்தம் உண்டாகும். 1982இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அதை அளந்து, எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அமெரிக்கக் கடல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பேச்சைக் கடத்தப் போட்ட கம்பி கடலின் நாடியைப் பார்த்திருக்கிறது. எனக்குப் பிடித்துப்போனது.

சாயங்காலம் வானிலை அறிக்கையைக் கேட்டோம். நாளை இரவு ஒரு குளிர்முகப்பு, அதாவது வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றின் முன்விளிம்பு, கடக்கிறது. காற்று மேற்கு, வடமேற்கு, வடக்கு என்று சுற்றிக்கொண்டு போகும். அண்ணன் கைப்பேசியை மூடி வைத்துவிட்டார். "வடக்குன்னு ஒரு எழுத்து இருந்தாலும் நாம போகல. வடக்கு, வடகிழக்கு, வடமேற்கு, மூணும் ஒண்ணுதான்."

புதன்

நேற்று ராத்திரி முகப்பு கடந்தது. கயிறுகளெல்லாம் ஊளையிட்டன. குடாவுக்குள் இருந்ததால் படகு ஆடியதோடு சரி.

காலையில் கலங்கரை விளக்கம் இருக்கிற கடற்கரைக்கு நடந்தோம். கேப் ஃபுளோரிடா விளக்கம் 1825இல் முதலில் கட்டியது. கரையோரத் தண்ணீர் அப்படியொன்றும் மோசமாக இல்லை. இதற்கா பயந்தோம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அண்ணி தொலைநோக்கியைக் கொடுத்து, "அடிவானத்தைப் பாரு" என்றார். நேர்கோடாக இருக்க வேண்டிய அடிவானம் பல்பல்லாக இருந்தது. மேடுகள் எழுந்து நகர்ந்து அமுங்கின. இந்தப் பக்கத்துப் படகுக்காரர்கள் அவற்றை யானைகள் என்பார்களாம். கரையிலிருந்து யானை தெரிந்தால் நங்கூரத்தை எடுக்காதே என்பது பழைய வழக்கு.

காரணம் எளிது. தண்ணீர் வடக்கே ஓடுகிறது, வாடைக்காற்று தெற்கே தள்ளுகிறது. எதிர் நீரோட்டத்தில் ஏறும் அலையின் நீளம் சுருங்கும், உயரம் கூடும், முகம் செங்குத்தாகும். ஓர் அலையில் ஏறிய படகு இறங்கி நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். இதில் இன்னொரு கணக்கும் உண்டு. வானிலை அறிக்கை சொல்லும் காற்றின் வேகம் நிலத்தை வைத்துச் சொல்வது. 15 நாட் வாடைக்கு எதிராக 3 நாட் வேகத்தில் ஓடும் தண்ணீருக்கு அது 18 நாட் காற்று. அதே 15 நாட் தெற்கிலிருந்து வந்தால் தண்ணீருக்கு 12தான். கரையில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

காற்று அடங்கினாலும் கடல் உடனே அடங்காது. குறைந்தது ஒரு நாள் விட வேண்டும். ஆக இன்றும் நாளைக் காலையும் போச்சு.

வியாழன்

இன்றைக்கு முழுக்க வாக்குவாதம். சண்டை இல்லை, வாக்குவாதம்தான்.

இன்று இரவு தென்கிழக்குக் காற்று, 10 முதல் 12 நாட். நாளை இரவு அது தெற்கே திரும்பி 10 நாட் அளவில் நிற்கும். ஞாயிறு காலை அடுத்த குளிர்முகப்பு. குளிர்காலம் முடிகிற வரை இங்கே இதுதான் சுழற்சி. இரண்டு முகப்புகளுக்கு நடுவே திறக்கிற சன்னலில் நுழைந்து வெளியேறிவிட வேண்டும்.

அண்ணி இன்றைக்கே கிளம்பலாம் என்றார். அடுத்த முகப்புக்கும் நமக்கும் இடைவெளி அதிகம், கடலும் அடங்கிவிட்டது. அண்ணனுக்கு ஒப்பவில்லை. நீரோட்டம் வடக்கே தள்ளுவதை ஈடுகட்டப் படகின் முகத்தைக் கிழக்கிலிருந்து நன்றாகத் தெற்கே சாய்த்துப் பிடித்தாக வேண்டும். அப்படிப் பிடித்தால் தென்கிழக்குக் காற்று மூக்குக்கு நேரே வரும். பாய் வேலை செய்யாது, பத்து மணி நேரமும் இன்ஜின்தான். நாளைக்குத் தெற்குக் காற்று என்றால் பக்கவாட்டில் வரும், பாயில் போகலாம். ஆனால் ஞாயிறு முகப்பு சீக்கிரம் வந்துவிட்டால்?

எனக்கு அண்ணி சொன்னதுதான் சரியென்று பட்டது, இப்போதும் படுகிறது. இன்ஜின் சத்தத்தைப் பத்து மணி நேரம் பொறுத்துக்கொண்டால் ஒரு நாள் உபரியாகக் கிடைக்கும். ஆனால் படகு அண்ணனுடையது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு முடிந்தது: நாளை மாலை ஆறு மணி அறிக்கையில் முகப்பு சனி இரவு பத்து மணிக்கு முன்னால் வரும் என்றிருந்தால் யாரும் பேசாமல் இங்கேயே இன்னொரு வாரம்.

பிறகு கணக்கு. இதுதான் எனக்கு ருசித்த பகுதி.

வரைபடத்தில் இங்கிருந்து பிமினி வாய்க்கால், அதாவது படகுகள் உள்ளே நுழையும் வழி, 87 டிகிரி, கிட்டத்தட்ட நேர் கிழக்கு. நீரோட்டம் எல்லா இடத்திலும் ஒரே வேகம் இல்லை. வானிலைத் துறை அதன் மேற்குச் சுவர் (வேகமான ஓட்டம் தொடங்கும் விளிம்பு) கரையிலிருந்து எத்தனை மைலில் இருக்கிறது என்று அறிக்கையிலேயே தருகிறது. நாங்கள் எட்டு மைல் என்று எடுத்துக்கொண்டோம். அதுவரை அரை நாட். அடுத்த 22 மைலுக்கு 3 நாட். பிறகு 12 மைலுக்கு 1.8. கடைசித் துண்டில் மறுபடி அரை. ஒவ்வொரு துண்டையும் கடக்க எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் வடக்கே எவ்வளவு தள்ளும் என்று கூட்டினால் மொத்தம் 20 மைல். ஒன்றுமே செய்யாமல் கிழக்கே பார்த்துப் போனால் பிமினிக்கு ஏறக்குறைய 20 மைல் வடக்கே வெறும் கடலில் நிற்போம்.

ஐந்து நாட் படகு பத்து மணி நேரத்தில் அந்த 20 மைலைத் தெற்கே சம்பாதிக்க வேண்டும். முக்கோணம் போட்டுப் பார்த்தால் 111 டிகிரி வருகிறது. அண்ணன் அதை 115 ஆக்கினார். தெற்கே தவறினால் நீரோட்டமே கொண்டுபோய் விடும், வடக்கே தவறினால் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

"சரி, ஜிபிஎஸ் தானியங்கியில பிமினின்னு அழுத்திட்டா அதுவே கோட்டுல கொண்டு போகாதா?" என்று கேட்டேன்.

"போகும். நடு ஓடையில கோட்டுல நிக்கணும்னா 37 டிகிரி தெற்கே திருப்பிக்கும். அஞ்சு நாட்டுல நாலுதான் முன்னால போக மிஞ்சும். கிட்டத்தட்ட அரை மணி நேரம் நஷ்டம். ஓட்டம் கம்மியான இடத்துல கொஞ்சம் தெற்கே சேர்த்து வை, வேகமான இடத்துல செலவு பண்ணு. கோட்டைப் பார்க்காதே. திசைகாட்டியைப் பாரு."

ஆக, கரையில் ஒரே ஒரு எண்ணைத் தீர்மானிக்கிறோம், இரவெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். வரைபடத்தில் தடம் வளைந்து வளைந்து ஆங்கில எஸ் எழுத்து மாதிரி விழும். தண்ணீரைக் கேட்டால் படகு நேராகத்தான் போயிருக்கிறது என்று சொல்லும்.

கிளம்பும் நேரம் பின்னாலிருந்து வருகிறது. பஹாமாஸ் பக்கம் கடல் சில நூறு மீட்டர் ஆழத்திலிருந்து மளமளவென்று பத்து மீட்டருக்கு ஏறும். வாய்க்கால் வாயில் மணல்திட்டுகள் இடம் மாறும். வரைபடத்தை விட கண்ணைத்தான் நம்ப வேண்டும். கண்ணுக்கு வெளிச்சம் உயரத்திலிருந்து வர வேண்டும். விடிந்ததும் போனால் சூரியன் எதிரே நின்று தண்ணீரை வெள்ளித் தகடாக்கிவிடும். பத்து மணிக்கு மேல் என்றால் பரவாயில்லை. பத்து மணி நேரப் பயணம் என்றால் நள்ளிரவில் புறப்பாடு. இதற்காகத்தான் இரவுப் பயணம், நட்சத்திரம் பார்க்க இல்லை.

வெள்ளி

மாலை அறிக்கை: முகப்பு ஞாயிறு விடிகாலை. நிபந்தனைக்குள் இருக்கிறது. போகிறோம்.

பகல் வெளிச்சத்திலேயே வாய்க்கால் வழியாக வெளியே ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பினோம். ஜிபிஎஸ்ஸில் அந்தத் தடத்தைப் பதிந்து வைத்துக்கொண்டோம். இருட்டில் அதே தடத்தின் மேல் போனால் போதும். பெரும்பாயை இப்போதே ஒரு மடிப்புக் குறைத்துக் கட்டியாயிற்று. ராத்திரி காற்று ஏறினால் மேலே ஏறிப்போய்ப் பாயோடு போராட வேண்டாம். தளத்தின் இரண்டு பக்கமும் முன்னிருந்து பின்வரை பட்டை நாடா இழுத்துக் கட்டியிருக்கிறது. இடுப்புக் கச்சையின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டுதான் நகர வேண்டும். இருட்டிய பிறகு இன்னொருவரை எழுப்பாமல் யாரும் சுக்கான் குழியை விட்டு வெளியே போகக் கூடாது.

இந்த இடத்தில் அண்ணி சொன்ன ஒன்றை எழுதியே ஆக வேண்டும். ஆள் விழுந்தால் ஜிபிஎஸ்ஸில் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அது அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும். ஆனால் குறிப்பு நிலத்தோடு ஒட்டியது. விழுந்தவரோ தண்ணீரோடு போய்க்கொண்டிருப்பார். மூன்று நாட் ஓட்டத்தில் பத்தே நிமிடத்தில் அரை மைல் வடக்கே போயிருப்பார். குறித்த புள்ளிக்குத் திரும்பி வந்து தேடினால் அங்கே ஒன்றும் இருக்காது. "அதனால விழாதே. அவ்வளவுதான் பாதுகாப்புத் திட்டம்" என்றார்.

கரையில் இருக்கும் ஒரு நண்பருக்குப் புறப்படும் நேரம், போகும் திசை, சேரும் நேரம் எல்லாம் அனுப்பியாயிற்று. மதியம் இரண்டு மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் கடலோரக் காவல்படையைக் கூப்பிடுவார். குமட்டலுக்கான மாத்திரையைக் கிளம்பும்போது போட்டால் பயனில்லை என்று சாயங்காலமே விழுங்கச் சொன்னார்கள். முறை: அண்ணன் பன்னிரண்டிலிருந்து மூன்று, நானும் அண்ணியும் மூன்றிலிருந்து ஆறு. ஒன்பது மணிக்குப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

சனி, பிமினியிலிருந்து

இணையம் கிடைத்ததும் எழுதுகிறேன். கையெழுத்துக் குறிப்புகளை அப்படியே தருகிறேன், இடையிடையே கொஞ்சம் சேர்த்து.

00:05. நங்கூரம் ஏறியது. பகலில் பதிந்த தடத்தின் மேலேயே வெளியேறினோம். மியாமியின் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் அரை வானத்தை விழுங்கியிருக்கிறது. கண் இருட்டுக்குப் பழக அது விடவில்லை.

01:00. பாய் ஏறியது. தெற்குக் காற்று 11 நாட். 115இல் நிறுத்தினோம். ஜிபிஎஸ்படி உண்மையில் நாங்கள் போகும் திசை 110. வரைபடக் கோட்டுக்குத் தெற்கே இறங்கிக்கொண்டே இருக்கிறோம்.

02:00. கோட்டுக்கு மூன்று மைல் தெற்கே. திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. தெரிந்தே செய்கிற காரியம்தான், ஆனாலும் கை பரபரக்கிறது, திருப்பிவிடலாமா என்று. அண்ணன் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டார்.

02:20. தண்ணீரின் வெப்பம் 24இலிருந்து 26க்குத் தாவியது. இதுதான் சுவர். பத்து நிமிடத்தில் போகும் திசை 100, 90, 82 என்று புரண்டது. படகின் முகம் 115லேயே இருக்கிறது, படகு போவது கிழக்கும் கொஞ்சம் வடக்கும். நண்டு நடை. கண்ணை மூடிக்கொண்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இவ்வளவு பெரிய வேகம் உடம்புக்குத் தெரியவே இல்லை என்பதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

1513 ஏப்ரலில் ஸ்பானியக் கடலோடி போன்ஸ் தெ லியோனின் கப்பல்கள் இந்தக் கரையோரம் தெற்கே வந்துகொண்டிருந்தன. நல்ல காற்று, பாய் நிறைந்திருக்கிறது, கப்பல்களோ பின்னால் போகின்றன. அந்தப் பயணத்தில் மாலுமியாக இருந்த அந்தோன் தெ அலாமினோஸ் அதை மறக்கவில்லை. 1519இல் மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்குத் திரும்பும்போது வேண்டுமென்றே இந்த ஓட்டத்தில் ஏறிக்கொண்டார். பிறகு ஸ்பானியக் கப்பல்களின் வழக்கமான பாதையே இதுவானது. இரண்டரை நூற்றாண்டு கழித்து பெஞ்சமின் ஃபிராங்க்ளின், திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவரான தன் உறவினர் திமோத்தி ஃபோல்கரின் உதவியோடு இதன் வரைபடத்தை அச்சிட்டார். ஆங்கிலேயத் தபால் கப்பல் தலைவர்கள் அதை மதிக்கவில்லையாம். மூன்று மணிக் காவலில் இதெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கத் தோதான விஷயம்.

03:10. என் முறை. தேய்பிறை நிலவு எழுந்திருக்கிறது. காற்று குறைந்த மாதிரி இருக்கிறது. உண்மையில் குறையவில்லை. காற்று போகும் பக்கமாகவே தண்ணீரும் எங்களைச் சுமந்து போவதால் பாய்க்குக் கிடைப்பது ஏழெட்டு நாட்தான். வேகம் நான்குக்கு இறங்கியது. இங்கே வேகம் இறங்கினால் நேரம் மட்டும் கூடுவதில்லை, 115 என்ற எண்ணே தப்பாகிவிடும். ஓடையில் அதிக நேரம் நிற்போம், அதிகமாகத் தள்ளும். அண்ணி யோசிக்கவே இல்லை, இன்ஜினைப் போட்டுவிட்டார். பாயும் இன்ஜினும் சேர்ந்து மறுபடி ஐந்து. வியாழக்கிழமை வாக்குவாதம் ஞாபகம் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

04:00. கப்பல். வடக்கே போகிற கப்பல்கள் இந்த ஓட்டத்தில் ஏறிக்கொள்ளும், எரிபொருள் மிச்சம். முதலில் தெற்கே இரண்டு வெள்ளை விளக்குகள், பிறகு ஒரு சிவப்பு, கப்பலின் இடப்பக்க விளக்கு. திசைகாட்டி வைத்துப் பார்த்தால் கோணம் மாறவே இல்லை. கோணம் மாறாமல் நெருங்கினால் மோதப் போகிறோம் என்று பொருள். அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் வலப்பக்கத்துப் பச்சையும் தெரிய ஆரம்பித்தது. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் மூக்கு நம்மைப் பார்க்கிறது. சுற்றியுள்ள கப்பல்களின் விவரம் காட்டும் ஏஐஎஸ் திரையில் 190 மீட்டர் சரக்குக் கப்பல், 17 நாட், நெருங்கும் தூரம் கால் மைல். பாயில் போகும் படகுக்கு இன்ஜின் கப்பல் வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் எங்கள் இன்ஜின் ஓடுகிறதே, இப்போது நாங்களும் இன்ஜின் படகுதான். அண்ணி விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் கப்பலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உடனே பதில் வந்தது. தூக்கக் கலக்கமான, மரியாதையான குரல். உங்களைப் பார்த்துவிட்டோம், உங்கள் பின்பக்கமாகப் போகிறோம். சிவப்பு மறைந்தது. இருபது நிமிடம் கழித்து ஒரு தெருவே நகர்வது போல எங்களைக் கடந்தது.

06:00. அண்ணன் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். வரைபடக் கோட்டை நெருங்கிக்கொண்டிருக்கிறோம், தெற்கிலிருந்து. இரவெல்லாம் சுக்கானை ஒரு டிகிரிகூடத் திருப்பவில்லை.

07:30. விடிந்தது. தண்ணீரின் நிறத்தைச் சொல்ல வேண்டும். மையைக் கரைத்த நீலம், கறுப்பில் பாதி. மஞ்சள் சர்காசம் பாசி காற்றின் திசையில் வரிவரியாகக் கிடக்கிறது. ஆழம் காட்டும் கருவி ஒன்றும் காட்டவில்லை. கீழே 800 மீட்டர், அதற்கு எட்டாது.

08:30. போகும் திசை 94. ஓட்டம் தளர்கிறது.

09:20. பிமினியின் மரத்தலைகள். தீவு தட்டை என்பதால் ஆறேழு மைல் இருக்கும்போதுதான் தெரிந்தது. வாய்க்காலுக்கு ஒன்றரை மைல் தெற்கே இருக்கிறோம், அண்ணன் விரும்பியபடி. இப்போதுதான் 115ஐ விட்டு நேரே திருப்பினோம்.

10:35. ஆழக் கருவி விழித்துக்கொண்டது. 90, 40, 12. நீலம் ஒரு கோடு போட்டது போல முடிந்து வெளிர் பச்சை ஆரம்பித்தது. கருநிறத் திட்டு என்றால் பாறையோ புல்லோ, வெளுத்த திட்டு என்றால் ஆழமில்லாத மணல். நான் முன்முனையில் நின்று கை காட்ட, அண்ணன் மெதுவாக உள்ளே கொண்டுவந்தார்.

கரை சேர்ந்ததும் மஞ்சள் கொடி. சுங்கமும் குடிநுழைவும் முடியும் வரை அது பறக்க வேண்டும். கேப்டன் மட்டும்தான் இறங்கலாம். விண்ணப்பத்தை முன்பே இணையத்தில் போட்டிருந்ததால் அண்ணன் எல்லோருடைய கடவுச்சீட்டுகளோடும் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். கட்டணம் படகின் நீளத்தைப் பொறுத்தது. பஹாமியன் டாலரும் அமெரிக்க டாலரும் ஒன்றுக்கு ஒன்று, எதில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். மஞ்சள் இறங்கி பஹாமாஸ் கொடி ஏறியது. கரை நண்பருக்குச் செய்தி போய்விட்டது.

ஞாயிறு

முகப்பு விடிகாலை நான்கு மணிக்கு வந்தது. படகுத்துறையில் இரட்டைக் கயிறு போட்டிருந்தோம். மேற்கே பார்த்தால் அடிவானத்தில் மறுபடி யானைகள். வேறு கரையிலிருந்து, அதே யானைகள்.

பகலில் திரும்பும் வழியைப் பற்றிப் பேசினோம். வந்த வழியே மியாமிக்குத் திரும்புவது இரண்டு முறை வரி கட்டுவது மாதிரி என்பது அண்ணனின் கட்சி. ஃபுளோரிடாவின் போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகம் பிமினியை விட 23 மைல் வடக்கே இருக்கிறது. இங்கிருந்து நேர் மேற்கே முகத்தை வைத்துக் கொஞ்சம் வடக்கே சாய்த்தால், மீதித் தூரத்தை ஓட்டமே பார்த்துக்கொள்ளும். தென்கிழக்குக் காற்றும் பின்னாலிருந்து வரும். அந்தக் கரையில் வாய்க்கால் ஆழம், விளக்கு மிதவைகள் உண்டு, இருட்டிச் சேர்ந்தாலும் கவலையில்லை. அதனால் பகலிலேயே கடக்கலாம். அண்ணி ஏற்கெனவே துண்டு துண்டாகக் கூட்டி எண்ணை எழுதி வைத்திருக்கிறார்: 276.